ஆறு குப்பிகளில் ஒரு நீலம்

ஜனவரி 9, செவ்வாய்

காலையிலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். செல்வி சி. மாதேஸ்வரியின் முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு, பிப்ரவரி 23, வெள்ளி, காலை பத்தரை மணி, அனைவரும் வருக. அனைவரும் வரத்தான் வருவார்கள். வைவா முடிந்ததும் பிரியாணி என்பது துறையில் பியூன் வரைக்கும் தெரியும். எங்கள் கல்லூரியில் வைவா என்றால் பாதிக் கல்யாணம். பேனர் உண்டு, சால்வை உண்டு, சொந்தக்காரர்கள் உண்டு.

ஆய்வுத் தலைப்பு: ஃபுளூரைடு அயனியை மட்டும் தேர்ந்து பிடிக்கும் செயற்கை ஏற்பிகள். 'மட்டும்' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றே எழுதுகிறேன், இது என் டைரிதானே.

அவளும் நானும் ஒரே ஆய்வகத்தில் ஒரே பேராசிரியரிடம் வேலை செய்தோம். பிரையண்ட் நகரில் ஒரே அறையில் மூன்று வருஷம் குடியிருந்தோம். நான் முதலில் முடித்தேன். டாக்டர் ரெக்ஸலின் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒருநாள் சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அவளுடைய பெட்டி, பாய், மிக்ஸி எதுவும் இல்லை. கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை இல்லை. ஒன்றரை வருஷம் ஆகிறது. 'பிப்பெட்டைக் குடு', 'அடுப்பை அணை', இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. பொறாமை என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பட்டம் வாங்கியும் நான் இன்னும் ஜோதிநாயகம் சாரிடம் திட்ட உதவியாளராகத்தான் இருக்கிறேன். அவளும் பட்டம் வாங்கிவிட்டால் இரண்டு டாக்டர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்போம்.

ஜனவரி 10, புதன்

தண்ணீர் கேன் வரவில்லை. குக்கர் கேஸ்கெட் போய்விட்டது. மாதேஸ்வரி புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். நிறம் சகிக்கவில்லை.

ஜனவரி 11, வியாழன்

சார் கூப்பிட்டார். "ரெக்ஸலின், ஒரு சின்ன உதவி செய்யணும்லா. வைவா அன்னைக்கு மேசையில ஆறு குப்பி வைக்கணும். டெமோ காட்டணும். அவ பேச்சு தயார் பண்ற வேலையில கெடக்கா. நீங்க ரெடி பண்ணிருங்க."

நான் என்ன அவளுக்கு அட்டெண்டரா என்று கேட்க வாய் வரை வந்தது. "சரி சார்" என்றேன்.

ஆறு குப்பி என்பது எங்கள் தொழிலின் திருஷ்டிப் படம். எல்லாருடைய கட்டுரையிலும் இருக்கும். வரிசையாக ஆறு கண்ணாடிக் குப்பி, எல்லாவற்றிலும் ஒரே வெளிர்மஞ்சள் கரைசல். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் உப்பைச் சொட்டுவார்கள். ஃபுளூரைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு, அசிடேட், பாஸ்பேட். ஒன்றே ஒன்று மட்டும் நீலமாக மாற வேண்டும். ஐந்து மஞ்சள், ஒரு நீலம், உடனே படம் எடு, உடனே கட்டுரை.

மூலக்கூறு என்ன செய்கிறது என்று அம்மா ஒருமுறை கேட்டாள். நண்டுக்கு இரண்டு கொடுக்கு இருக்கிற மாதிரி இதற்கும் இரண்டு கை, நடுவில் ஃபுளூரைடு அளவுக்குத்தான் இடம், பெரிய அயனி நுழையாது, சின்னது நுழைந்தால் கை இறுக்கிப் பிடிக்கும், பிடித்ததும் நிறம் மாறும் என்றேன். "அப்ப நண்டு கறுப்பா இருந்து செவக்குமே, அது மாதிரியா?" என்றாள். அது வெந்தால்தான் அம்மா என்றேன்.

மாதேஸ்வரி தர்மபுரிப் பக்கம். அங்கே பல ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம், பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறிவிடும். அதனால்தான் இந்தத் துறைக்கு வந்தாளாம். எல்லா மேடையிலும் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவாள். அவள் மூலக்கூறு எண் பதினொன்று. என்னுடையது ஏழு. பதினொன்று வந்த பிறகு என் ஏழாம் எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல் விடுமுறை. வீட்டில் படுத்துத் தூங்கினேன். வாட்ஸாப்பில் அவள் ஸ்டேட்டஸ்: மாட்டுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். நான் ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. இரண்டு முறை பார்த்தேன்.

ஜனவரி 22, திங்கள்

புது உப்புகள் போன வாரமே வந்துவிட்டன. ஆறும் சீல் பிரிக்காத பாட்டில். இன்று கரைசல் கலக்கினேன். அவளுடைய பதினொன்றை எடுத்து ஆறு குப்பியில் ஊற்றி ஒவ்வோர் உப்பாகச் சொட்டினேன்.

ஃபுளூரைடு நீலம். அசிடேட்டும் நீலம்.

குப்பியைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். நாளைக்குத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 23, செவ்வாய்

ஐந்து தடவை செய்தேன். ஐந்து தடவையும் அசிடேட்டுக்கு நல்ல கருநீலம். கண்ணாடி கழுவியது, கரைப்பான் புதுசு, சொட்டு எண்ணிச் சொட்டியது. ஃபுளூரைடைவிட ஒரு படி அழுத்தமாகவே வருகிறது.

பைகார்பனேட் போட்டும் பார்த்தேன். அதுவும் நீலம்! பைகார்பனேட் இல்லாத கிணறு எந்த ஊரில் இருக்கிறது? இவள் பதினொன்றைத் தாளில் தோய்த்து, தண்ணீரைச் சோதிக்கப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கப் போவதாகச் சார் திட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தத் தாள் நல்ல தண்ணீரையும் கெட்டது என்று சொல்லும்.

ஆக, நண்டு எதையும் பிடிக்கவே இல்லை. ஃபுளூரைடு உள்ளே போய் உட்காரவில்லை. கொடுக்கு நுனியில் இருக்கிற ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. அசிடேட்டும் பிடுங்கும், பைகார்பனேட்டும் பிடுங்கும். பிடுங்கத் தெரிந்தவன் யார் வந்தாலும் நீலம்தான். மட்டும் என்று தடித்த எழுத்தில் போட்டாளே, அந்த மட்டும் போயிற்று.

இன்று வெகுநாளைக்குப் பிறகு பசித்தது. ரொட்டி சால்னா வாங்கி வந்து சாப்பிட்டேன். கள்ளி, படத்தை எப்படி எடுத்தாள்? அசிடேட் குப்பியில் வெறும் கரைப்பானை ஊற்றியிருப்பாள். இதைத்தான் எங்கேயோ ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நான் காத்திருந்தேன். நானே கண்டுபிடித்தேன்.

ஜனவரி 25, வியாழன்

சாரிடம் நேரே சொல்லவில்லை, சுற்றிவளைத்துச் சொன்னேன். "சார், புது அசிடேட்ல லேசா கலர் வருது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதுசு எதுக்கு? பழைய ஸ்டாக் இருக்குல்லா? அதையே எடுங்க."

"இல்ல சார், புதுசுதான..."

"வைவாவுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. இந்த நேரத்துல புதுசா எதையும் கலக்காதீங்க. எல்லாரும் நல்லா இருக்கட்டும்."

எல்லாரும் என்றால் யார் யார் என்று எனக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது, அவருக்கு இது புதுச் செய்தி இல்லை. இவரும் கூட்டு.

வைவா அன்றைக்கு மக்கள் கேள்வி நேரத்தில் எழுந்து நிற்பேன். நான் ஒன்றே ஒன்று கேட்டால் போதும். அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 30, செவ்வாய்

பழைய ஸ்டாக்கை, அதாவது முன்பே கலக்கி வைத்திருந்த கரைசல்களை எடுத்தேன். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், பின்னால். அசிடேட் பாட்டிலில் லேபிள் மங்கிப்போயிருந்தது. பதினொன்றில் சொட்டினேன். மஞ்சள். இன்னும் சொட்டினேன். மஞ்சள். பத்து சொட்டு விட்டும் நீலம் வரவில்லை.

அப்படியானால் படம் பொய் இல்லை. அவள் இதைத்தான் போட்டிருக்கிறாள், இது மஞ்சளாகத்தான் நின்றிருக்கிறது. கரைசலில்தான் ஏதோ கோளாறு.

லேபிளில் இருந்த கையெழுத்து என்னுடையதைப் போல இருந்தது. ட-வை நான் போடுகிற மாதிரி வேறு யாரும்கூடப் போடலாம்.

பிப்ரவரி 1, வியாழன்

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, சனி

சரி, என் கையெழுத்துதான். எழுதிவிடுகிறேன்.

அந்த மூன்று வருஷமும் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவள் மூலக்கூறு செய்வாள், எனக்கும் சேர்த்து. நான் உப்பு நிறுப்பேன், அவளுக்கும் சேர்த்து. எனக்குக் கை வேகம். மற்றவர்கள் ஒரு பாட்டிலைத் திறந்து நிறுத்து மூடி அடுத்ததைத் திறப்பார்கள். நான் ஆறு பாட்டிலையும் ஒரே வரிசையில் திறந்து வைத்து, ஒரே கரண்டியைத் துடைத்துத் துடைத்து, அரைமணியில் முடித்துவிடுவேன். சார் மற்ற பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "ரெக்ஸலினப் பாத்துப் படிங்க" என்பார். நிறுக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்போம். சில நாள் டீ குடிக்கப் போய்விட்டு வந்து மிச்சத்தை நிறுப்பேன். மூடி எல்லாம் மேசையில்தான் கிடக்கும்.

எங்கள் ஆய்வகத்து ஜன்னலைத் திறந்தால் உப்பளக் காற்று. இந்த அசிடேட் உப்பு ஈரத்தை உறிஞ்சுவதில் பேய். இரண்டு மாதத்தில் தூளாக இருந்தது கட்டியாகும், அப்புறம் பாகாகும். எனக்குத் தெரியும், நான் பார்த்தேன். கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்ததைச் சுரண்டிச் சுரண்டி எடைத் தட்டில் தட்டினேன். எடை சரியாக இருந்தது. எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். உப்பும் குறைச்சல், அந்த உப்புக்கும் தண்ணீர் சுற்றி நின்று பல்லைப் பிடுங்கிவிட்டது. அதற்கு எதையும் பிடுங்கத் தெம்பு இல்லை.

நேற்றுப் புது உப்பைக் கொஞ்சம் கண்ணாடித் தட்டில் கொட்டி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன். இன்று காலையில் தட்டில் பாகு.

ஏழாம் மூலக்கூறையும் எடுத்துப் பார்த்தேன். என் ஏழு. என் தீசிஸ், என் கட்டுரை, என் பெயருக்கு முன்னால் இருக்கிற இரண்டு எழுத்து. புது அசிடேட்டில் முதல் சொட்டிலேயே நீலமாயிற்று.

பிப்ரவரி 5, திங்கள்

இதற்கும் அவள்தான் காரணம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அவள் பேசாமல் இருந்திருந்தால் நான் மூடியிருப்பேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஆய்வகத்தில் கழுவும் தொட்டி ஒன்றுதான். அவள் வந்தால் நான் போய்விடுவது வழக்கம். இன்று போகவில்லை. பக்கத்தில் நின்று குடுவை கழுவினேன்.

"அசிடேட்டுக்கும் நீலம் வருது" என்றேன். ஒன்றரை வருஷத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் முழு வாக்கியம்.

அவள் குழாயை மூடவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. "தெரியும்" என்றாள்.

"எப்பத்துலருந்து?"

"நீ வைவா முடிச்ச மறுவாரம். பழைய உப்பு பாட்டில் தீந்துபோச்சேன்னு புதுசு ஒண்ண ஒடைச்சேன். உன்னுதுலயும் போட்டேன், என்னுதுலயும் போட்டேன். ரெண்டும் நீலமாப் போச்சு."

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

"என்னான்னு சொல்றது? உங்கம்மா தெருவுல ஒரு வூடு உடாம லட்டு குடுத்துட்டு வந்தாங்க. நீ டாக்டர் ரெக்ஸலின்னு எழுதி எழுதிப் பாத்துட்டு இருந்த. அன்னிக்கு வந்து, நீ கலக்குன கரைசல் தப்பு, உம் பட்டமும் தப்புன்னு சொல்லச் சொல்றியா?"

"அதுக்கு ஒரு வார்த்த சொல்லாம வீட்ட விட்டுப் போவியா?"

"உம் மூஞ்சியப் பாத்தா வாயில வந்துரும்டி. தெனம் வந்துச்சு. சோத்துல கை வெக்கறப்ப எல்லாம் வந்துச்சு. அதான் போய்ட்டேன்."

நான் கழுவிய குடுவையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

"அப்பறம் எனக்கும் வசதியாப் போச்சு. பழைய ரீடிங் எல்லாம் அழகா இருந்துச்சு. சார்கிட்ட சொன்னேன், அவர் காதுல வாங்காத மாதிரி கட்டுரைய அனுப்பிட்டாரு. நானும் உட்டுட்டேன். உனக்காக மட்டும்னு சொன்னா அது பொய்."

"வைவால யாராவது கேட்டா?"

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நானா வாயத் தொறக்கவும் மாட்டேன். எனக்கு பயமா இருக்குது." அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "நீ கேக்கப் போறியா?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். குடுவையை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

என்னைக் காப்பாற்ற இவள் யார்? நான் கேட்டேனா? என் தப்பை என்னிடம் சொல்லாமல் தானே எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, என்னை ஒன்றரை வருஷம் பைத்தியக்காரி மாதிரி வெறுக்க விட்டிருக்கிறாள். வெறுப்பதற்கும் உழைப்பு வேண்டும். தினமும் காலையில் எழுந்து பல் தேய்க்கும்போதே அதைத் தொடங்க வேண்டும். அவ்வளவு உழைப்பையும் பாழாக்கிவிட்டாள்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து திருத்தியிருப்போம். அந்தச் சண்டையை எனக்குத் தராமல் வைத்துக்கொண்டாளே, அதுதான் தாங்கவில்லை.

மதியம் தபால் வந்தது. உதவிப் பேராசிரியர் நேர்காணல், மார்ச் 4. நிரந்தர வேலை. வெளியான கட்டுரைகளைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஏழாம் மூலக்கூறைப் பற்றிய கட்டுரைதான் என்னிடம் இருப்பதிலேயே பெரியது. அம்மாவிடம் சொன்னேன். போனிலேயே ஜெபம் பண்ணினாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

சார் சீட்டு கொடுத்தார். எங்கள் வழக்கம் இது. மக்கள் கேள்வி நேரத்தில் யாரும் எழவில்லை என்றால் மதிப்பாக இருக்காது, எழுந்து ஏடாகூடமாகக் கேட்டாலும் ஆபத்து. அதனால் நாலு பேருக்கு முன்கூட்டியே துண்டுச் சீட்டில் கேள்வியை எழுதிக் கொடுத்துவிடுவார். என் வைவாவில் மாதேஸ்வரிதான் சீட்டுக் கேள்வி கேட்டாள். கேட்கும்போதே சிரித்துவிட்டாள், நானும் சிரித்துவிட்டேன்.

எனக்கு வந்த சீட்டில்: 'இந்த மூலக்கூறை இந்தியக் கிராமங்களில் பயன்படுத்துவதற்கான வாய்ப்புகள் யாவை?'

"சத்தமா கேளுங்க. ஒங்க நேர்காணலுக்கு நான்தான சிபாரிசு எழுதணும், மறந்துராதீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கேஸ்கெட் மாற்றினேன். நேர்காணலுக்குச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

வைவாவுக்குப் போகப் போவதில்லை. குப்பிகளைத் தயார் செய்து, பழைய ஸ்டாக்கையே வைத்து, சாரிடம் ஒப்படைத்துவிட்டேன். நாளை ஒருநாள் தற்செயல் விடுப்பு. யாரும் கேட்கப் போவதில்லை, அவள் பட்டம் வாங்குவாள், நான் வேலை வாங்குவேன், அந்தத் தாள் தர்மபுரிக்குப் போகட்டும் எங்கேயும் போகட்டும். ஊருக்கெல்லாம் நல்லது செய்ய நான் என்ன நேர்ந்துவிட்டவளா? முடிவு செய்துவிட்டேன். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

போனேன்.

பத்து மணிக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன், பத்தே காலுக்கு ஆட்டோவில் இருந்தேன். கருத்தரங்கக் கூடத்தில் கடைசிக்கு முந்தின வரிசை. முன் வரிசையில் அவள் சொந்தக்காரர்கள் எட்டுப் பேர். இரவெல்லாம் பஸ்ஸில் வந்த முகங்கள். அவள் அப்பா, பெயர் சின்னப்பையன், அவரை நான் அதற்கு முன் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். புது வேட்டி, சட்டைப் பையில் இன்னும் விலைச்சீட்டு. பேச்சு, கேள்வி, பதில் எல்லாம் இங்கிலீஷ். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் மகள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் நன்றாகப் பேசினாள். ஆறு குப்பியில் சொட்டினாள். ஐந்து மஞ்சள், ஒரு நீலம். கூடத்தில் 'ஆ' என்றார்கள். வெளித்தேர்வாளர் ஓர் அம்மாள், வடக்கே எங்கிருந்தோ வந்தவர். குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார், எல்லாம் கொடுக்கைப் பற்றி, பாட்டிலைப் பற்றி இல்லை. முகத்தில் திருப்தி.

மக்கள் கேள்வி நேரம் வந்தது. மூன்று சீட்டுகள் எழுந்து, படித்து, உட்கார்ந்தன. சார் என்னைப் பார்த்தார். எழுந்தேன். சீட்டு கையில்தான் இருந்தது.

மாதேஸ்வரி என்னைப் பார்த்தாள். தொட்டிக்கரையில் பார்த்தது மாதிரியே. பயந்தாள் என்று நன்றாகத் தெரிந்தது. கேட்காதே என்று சொல்கிறாளா, கேட்டுத் தொலை என்று சொல்கிறாளா என்று தெரியவில்லை. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று ஒரு காலத்தில் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியும். அது தெரியாமல் போனதில் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் கேட்டேன். மனசாட்சி, கிராமம், அறிவியல் எதுவும் அப்போது நினைவில் இல்லை.

"புது பாட்டிலிலிருந்து, ஈரம் படாத அசிடேட் எடுத்துப் போட்டால் என்ன நிறம் வரும்?"

"நீலம் வரும்" என்றாள் உடனே. ஒன்றரை வருஷமாக வாயிலேயே வைத்திருந்தவள் மாதிரி.

சார் எழப் பார்த்தார், அந்த அம்மாள் கையைக் காட்டி உட்கார வைத்தார். "அப்படியானால் இந்தக் குப்பியில் இருப்பது?"

"பழைய கரைசல் மேடம். உப்பு ஈரம் குடித்துப் பாகான பிறகு நிறுத்தது."

"தீசிஸில் இருக்கிற அளவுகள் எல்லாம்?"

"இந்தக் கரைசலில் எடுத்தவைதான்."

"தெரிந்தேவா?"

"எடுத்தபோது தெரியாது. எழுதியபோது தெரியும்."

அந்த அம்மாள் பேனாவை மூடிவைத்தார். "கரைசலைக் கலக்கியது நீங்களா?"

மாதேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றவள், இதற்குப் பதில் சொல்லாமல் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இன்னும் உட்காரவில்லை.

"நான்தான் மேடம்" என்றேன். "என் தீசிஸும் அதே கரைசல்தான்."

ஏற்பி பிடிக்கவில்லை, ஹைட்ரஜன்தான் போகிறது, பைகார்பனேட்டுக்கும் அப்படியே என்று எல்லாவற்றையும் அங்கேயே சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். இன்றைக்குப் பட்டத்துக்குப் பரிந்துரை இல்லை, ஆறு மாதத்தில் எல்லா அளவையும் திரும்ப எடுத்துத் திரும்ப எழுத வேண்டும் என்றார். என் தீசிஸைப் பற்றித் தனியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். சார் என்னைத் தாண்டி வெளியே போனார். சிபாரிசுக் கடிதம் பற்றி இனி நினைக்க வேண்டாம்.

எல்லாரும் எழுந்ததைப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்று நினைத்து சின்னப்பையன் கைதட்டினார். அவர் தட்டியதும் அந்த வரிசை முழுக்கத் தட்டியது. வேறு யாரும் தட்டவில்லை.

வெளியே வராந்தாவில் பிரியாணி அண்டா. நான் படி இறங்கிவிடலாம் என்று அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். சமையல்காரர்கள் இருந்தும் சின்னப்பையனே கரண்டியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். "அம்மா, அம்மா, சாப்புடாம போறீங்களே" என்று தட்டோடு குறுக்கே வந்துவிட்டார்.

"நீங்கதானே கடைசியா எந்திரிச்சு கேட்டது? மத்தவங்க எல்லாம் சீட்டப் பாத்துப் படிச்சாங்கோ. நீங்க ஒருத்தர்தான் பாக்காம கேட்டீங்கோ. எம்புள்ளயும் டக்கு டக்குனு பதில் சொல்லுச்சு பாருங்க! எனக்கு அப்பதான் மனசு நெறைஞ்சுது." சிரித்தார். பல் எல்லாம் காவி ஏறிக் கிடந்தது. தட்டில் பிரியாணியை அள்ளி வைத்தார், தயிர்ப்பச்சடி வைத்தார்.

அதோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை.

"அப்பா, உங்க மகளுக்கு இன்னைக்குப் பட்டம் கெடைக்கல. இன்னும் ஆறு மாசம் ஆவும். நான் கேட்ட கேள்வியாலதான்."

அவர் கரண்டி அண்டாவுக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. எனக்குப் பின்னால் யாரையோ பார்த்தார். மாதேஸ்வரி முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மெய்யாம்மா?" என்றார் அவளிடம்.

"மெய்தாம்பா."

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டை என்னிடம் கொடுப்பதா, திரும்ப வைத்துக்கொள்வதா என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் கையை நீட்டவில்லை. சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று எங்களைப் பார்த்தார்கள்.

"ரெண்டு முட்டையா வைப்பா" என்றாள் மாதேஸ்வரி. "துன்னட்டும்."

வைத்தார். வராந்தாவில் நின்றே சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன், எனக்குப் பசி. இரண்டு முட்டையையும் தின்றேன். நான் தின்று முடிக்கும்வரை அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.